கண்மதிப்பில் ஆறு வயது

வார்டன் வேலைப் பயிற்சிக்கு வந்திருக்கும் புதுப் பிள்ளைகளுக்கு ‘மோட்டிவேஷனாக நாலு வார்த்தை’ பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். என்னிடம் அந்தச் சரக்கு கிடையாது. சங்கரன்கோவிலில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் முப்பத்தோரு வருடம் வார்டனாக இருந்துவிட்டு, இரண்டு முழங்காலையும் அங்கேயே தேய்த்துவிட்டு வந்தவளிடம் உற்சாகத்தை எதிர்பார்ப்பது உங்கள் தப்பு. பேச வராது, எழுதித் தருகிறேன் என்றேன். படித்துவிட்டு மறந்துபோனாலும் எனக்கு வருத்தமில்லை, ஒரு இடத்தைத் தவிர. அந்த இடம் வரும்போது உங்களுக்கே தெரியும்.

இல்லத்து ஆபீஸ் ரூமில் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருக்கும். நீலச் சேலை கட்டிய ஒரு பெண், கையில் பணி நியமன ஆணை. பெயர் கோமதி. கிராம நிர்வாக அலுவலர். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டி, “திருவிழாக் கூட்டத்துல விட்டுட்டுப் போன பிள்ளை, இன்னைக்கு வி.ஏ.ஓ.” என்று சொல்வார்கள். கொஞ்ச நாளில் நீங்களும் சொல்வீர்கள். சொல்லுங்கள், அதில் பொய் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நான் செய்த ஒரு காரியம் மட்டும் அந்த போட்டோவில் இல்லை.

ஆடித் தபசு அன்றைக்கு நம் ஊரில் பிள்ளைகள் தொலைவது சகஜம். மைக்கில் பேர் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அம்மாக்காரி அலறிக்கொண்டு ஓடி வந்து, முதுகில் இரண்டு வைத்து, பிறகு முத்தம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவாள். அந்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு போலீஸ் போட்டிருந்த பெஞ்சில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. மூன்று நாள் மைக்கில் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. பேர் என்ன என்றால் ‘பாப்பா’. அம்மா பேர் என்ன என்றால் ‘அம்மா’. ஊர் எது என்றால் பதிலே இல்லை. கோமதி அம்பாள் திருநாளில் கிடைத்த பிள்ளை என்பதால் பெண் போலீஸ் ஒருத்தி கோமதி என்று கூப்பிட்டிருக்கிறாள். அதுவே நிலைத்துவிட்டது.

நான்காம் நாள் மத்தியானம் அந்தப் பெண் போலீஸ் பிள்ளையை எங்கள் இல்லத்துக்குக் கூட்டிவந்தாள். எங்கள் இல்லத்துக்கு அனுமதி ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரைக்கும்தான். ஆறுக்குக் கீழே என்றால் சின்னக் குழந்தைகளுக்கான வேறு இல்லம் இருக்கிறது, தூரத்தில், பெரிய ஊரில். அங்கே போனால் தத்துக் கொடுக்கவும் வழி உண்டு. பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, ஆர்டர் வாங்கி, யாராவது ஒருத்தி கூடவே பஸ்ஸில் கொண்டுபோய் விட வேண்டும். ஆயாக்கள் இரண்டு பேரும் திருவிழாவுக்கு என்று ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. இருந்தது நானும், சமையல் செய்யும் பேச்சியம்மாவும், முப்பத்தெட்டுப் பிள்ளைகளும். அதில் ஏழு பிள்ளைகளுக்குத் தாளம்மை.

“வயசு என்னக்கா போட?” என்று போலீஸ் கேட்டாள்.

அந்தப் பிள்ளை என் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து விடவில்லை. குனிந்து பார்த்தேன். நாலு வயது இருக்கும், மிஞ்சினால் நாலரை. எனக்கு அது தெரிந்தது. எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவள் நான்.

“ஆறு போடுங்க” என்றேன்.

இரக்கமா, சோம்பலா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சேலையைப் பிடித்த கையை விலக்கிவிட்டு இன்னொரு பஸ்ஸில் ஏற்ற மனம் வரவில்லை, அது உண்மை. கூட அனுப்ப ஆள் இல்லை, அதுவும் உண்மை. பின்னால் வந்த தாள்கள் எல்லாம் அந்த முதல் தாளைப் பார்த்தே எழுதப்பட்டன. பள்ளிக்கூடத்துக்கு வசதியாக ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டு, பிறந்த நாளும் கொடுத்தாகிவிட்டது. நாலு வயது என்று எழுதியிருந்தால் அவளுக்கு ஒரு அப்பாவும் அம்மாவும் கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். அதை யோசிப்பதை விட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான், ஆனால் விடவில்லை.

முதல் மாதம் அவள் சாப்பிட்ட தட்டைக் கீழே வைக்க மாட்டாள். கழுவித் தந்தாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரிவாள், குளிக்கப் போகும்போதுகூட. பிடுங்கினால் சத்தம் வராமல் அழுவாள். அந்த அழுகை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான் அதட்டிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. பேச்சியம்மா ஒரு நாள் அந்தத் தட்டையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனாள். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுவார்களே, அந்த மாதிரித் தட்டின் விளிம்பில் ‘கோமதி’ என்று வெட்டிக் கொண்டுவந்தாள்.

“ஏட்டி, இது ஒந்தட்டு. வேற யாரும் எடுத்தா பேரு காட்டிக் குடுத்துரும். அலமாரியில வய்யி பாப்போம்” என்றாள்.

வைத்தாள். மறுநாள் காலையில் ஓடிப்போய்ப் பார்த்தாள். தட்டு அங்கேயே இருந்தது. அதற்கு மறுநாளும் பார்த்தாள். ஒரு வாரத்தில் ஓடுவது நின்றது. அனாதைப் பிள்ளைக்கு இல்லம் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்கும், நேரத்துக்குச் சோறு வரும், நேற்று இருந்த ஆள் இன்றைக்கும் இருப்பாள். அவ்வளவுதான் செய்யும். அந்த அவ்வளவைச் செய்வதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும்.

தட்டில் இருந்த எழுத்துதான் அவள் படித்த முதல் எழுத்து. விரலால் தடவித் தடவிப் படித்தாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு அவளுக்கு நரகமாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நாலு வயதுப் பிள்ளை. பென்சில் நிற்காது, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடும். ‘மந்தம்’ என்றார்கள். நானும் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன், அடுத்த வருடமும் ஒன்றிலேயே உட்கார வைத்தார்கள். எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்த ஒரு கேள்வி. யார் வந்தாலும் அதைக் கேட்டார்கள். “ஆறு வயசுல வந்த பிள்ளைக்கு ஊரு பேரு தெரியாதா? பெத்தவ பேரு தெரியாதா?” பள்ளியில் கேட்டார்கள், ஆய்வுக்கு வந்தவர்கள் கேட்டார்கள், பிறந்த நாள் சாப்பாடு போட வந்தவர்கள் இலைக்கு முன்னால் நின்று கேட்டார்கள். நானே கேட்டிருக்கிறேன். “யோசிச்சுப் பாரு மக்கா, ஆறு வயசுப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்குமே” என்று. எழுதியவள் நான், நம்பியவளும் நானே ஆகிவிட்டேன். ஒரு பொய்யைப் பத்துத் தாளில் பார்த்தால் நமக்கே அது நிஜமாகிவிடும்.

இரண்டாம் வகுப்புக்குப் போனபோது அவளுக்கு முதல் பால் பல் விழுந்தது. தாள்படி வயது எட்டு. பேச்சியம்மா பல்லைச் சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“எக்கா, எம் மவனுக்கு ஒண்ணாப்பு படிக்கையிலயே முன்பல்லு விழுந்துட்டு. இவளுக்கு எட்டு வயசுலயா மொதப் பல்லு விழும்?”

“சத்தில்லாத பிள்ளை, லேட்டாத்தான் விழும். நீ போயி வேலையப் பாரு.”

அவள் போய் வேலையைப் பார்த்தாள். இவளுக்கு ஆறுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். முதல் தாள் என்னுடையது, திருத்தப் போனால் ஏன் என்று கேட்பார்கள், மற்றப் பிள்ளைகளின் வயதையும் கிளறுவார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் சொன்ன இடம் இதுதான். ஆறு போட்டது ஒரு மத்தியானத்தின் தப்பு. பல் விழுந்த பிறகு வாயை மூடிக்கொண்டது பத்து வருடத்தின் தப்பு. உங்களுக்கு வயது தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். தப்பாக எழுதியது பின்னால் தெரிய வந்தால், அன்றைக்கே வெட்கப்பட்டு முடித்துவிடுங்கள்.

மந்தம் என்ற பிள்ளை நாலாம் வகுப்பில் நிமிர்ந்துவிட்டாள். எல்லாருக்கும் ஆச்சரியம். எனக்கு மட்டும் ஆச்சரியமாக இருந்திருக்கக் கூடாது. ஊசி போடவோ துணி எடுக்கவோ கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனால் பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போக வேண்டும் என்று அடம் பிடிப்பாள். ஒவ்வொரு பஸ்ஸின் முன்னாலும் நின்று போர்டை வாசிப்பாள். பனவடலிசத்திரம், ராயகிரி, புளியங்குடி, கழுகுமலை. நடத்துநர்கள்கூட அவளுக்குப் பழக்கம். ஒருவர் “என்ன தாயி, இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதா? வண்டிய எடுக்கலாமா?” என்று கேலி செய்வார். பஸ் போர்டைப் பார்த்தே தமிழ் வாசிக்கக் கற்ற பிள்ளை என்று நான் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்தது. வருகிற ஜூனில் தாள்படி அவளுக்குப் பதினெட்டு. இல்லத்தை விட்டுப் போக வேண்டும். பதினெட்டு முடிந்த பிள்ளைகளைச் சேர்க்கும் விடுதி வேறு மாவட்டத்தில் இருந்தது, அங்கே இடமும் இல்லை என்று பதில் வந்தது. அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை வந்தார். ஊருக்குள்ளேயே சொந்தமாகத் தறி ஓட்டும் குடும்பம். மாப்பிள்ளைக்கு இருபத்தொன்பது. ‘இல்லத்துப் பெண் என்றால் அடக்கமாக இருக்கும்’ என்று தேடி வருகிறவர்கள் உண்டு. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. இல்லத்துச் செயலாளர் அண்ணாச்சிக்கு மனநிறைவு. எனக்கு அதைவிட. அடுத்த ஆண்டு நான் ஓய்வு பெற வேண்டும், அதற்குள் இவளை ஒரு இடத்தில் உட்கார வைத்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன். என் களைப்பைத்தான் அவளுடைய நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

“நல்ல எடம் மக்கா. பரீட்சைய கல்யாணம் முடிஞ்சும் எழுதிக்கிடலாம்னு சொல்லுதாங்க.”

“நீங்க சொன்னா சரிக்கா” என்றாள். தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றபோது இருந்த அதே முகம்.

நிச்சயத்துக்கு மூன்று நாள் இருந்தது. ரவிக்கைக்கு நானே அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மா கருவேப்பிலையை உருவிக்கொண்டே வாசலில் நின்று பார்த்தாள். கோமதி வெளியே போனதும் உள்ளே வந்தாள்.

“எக்கா, ஒங்க தாளு பதினெட்டுன்னு சொல்லுது. அவ பல்லு பதினாறுன்னுல்லா சொல்லிச்சு. கூரையில எறிஞ்சவ நாந்தான், எனக்கு மறக்கல. ஒங்களுக்கு மறந்துட்டோ?”

நான் அளவு நாடாவைச் சுருட்டினேன், பிரித்தேன், திரும்பச் சுருட்டினேன். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். பத்து வருடத்துக்கு முன்னால் அவளை ‘வேலையைப் பார்’ என்று அனுப்பினேன். இந்தத் தடவை அனுப்ப எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சியிடம் சொன்னேன். நல்ல மனுஷன், குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“எக்கா, நீங்களே எழுதுனது. இப்ப நீங்களே தப்புன்னு போயி நின்னா, மத்த பிள்ளைக வயச எவன் நம்புவான்? லைசென்ஸுக்கே வந்துரும். முப்பது வருசம் நல்ல பேரு எடுத்துட்டுக் கடைசியில எதுக்கு இதெல்லாம்? சட்டப்படி பிள்ளைக்கு ஜூனோட பதினெட்டு ஆயிரும். விட்டுருங்க.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மறுநாள் காலையில் தலைவலி என்று படுத்துக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்திருக்கும். தாள் சரியாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். பிள்ளையும் சம்மதம் சொல்லிவிட்டது. இப்படி எல்லாமே சரியாக இருக்கிற நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்குத் தப்பு எதுவென்று தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள். யாரும் உங்களை நெருக்க மாட்டார்கள், அதுதான் பெரிய நெருக்கடி.

காலை முதல் பஸ்ஸில் கோமதியைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்பினேன். குழு அப்போது அங்கேதான் கூடும். தைரியம் என்று நினைக்காதீர்கள், இனிமேலும் அந்தப் பல்லைச் சுமக்க முடியாது என்று ஆகிவிட்டது. வழியில் அவளிடம் சொன்னேன். நீ வந்த அன்றைக்கு உன் வயதைக் கூட்டிப் போட்டவள் நான். உனக்குப் பதினாறுதான் இருக்கும். கல்யாணம் செய்கிற வயது இல்லை.

ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். “அப்போ பிளஸ் டூ இங்கனயே படிக்கலாமாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

குழுவில் ஒரு அம்மா இருந்தார். நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை வாசித்தார். “தெரிந்தேதான் கூட்டிப் போட்டீர்களா?” என்று கேட்டார். “தெரிந்துதான்” என்றேன். “பிறகு எப்போது உறுதியாகத் தெரிந்தது?” என்றார். பல் விழுந்ததைச் சொன்னேன். அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோமதி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிச்சயத்தை நிறுத்தி அன்றே ஆர்டர் போட்டார்கள். மணிக்கட்டையும் தாடையையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

ஊரில் மாப்பிள்ளை வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள், நியாயம்தான். அண்ணாச்சி என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, விசாரணை வந்தது. ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை, மரியாதை, குரூப் போட்டோ எதுவும் இல்லை. பேச்சியம்மா மட்டும் ஒரு டம்ளர் பாயசம் வைத்துத் தந்தாள். மற்றப் பிள்ளைகளின் வயதையும் சரிபார்த்தார்கள். கண்மதிப்பில் நான் எழுதிய இன்னும் சிலதும் தப்பாக இருந்தது. அதற்கு முன்பே இல்லத்தை விட்டுப் போன பெண்கள் இருக்கிறார்கள், என் பதினெட்டை நம்பிக் கல்யாணம் முடித்தவர்கள். அவர்களைத் தேடிப்போய்க் கேட்க எனக்கு இன்னும் மனத்தெம்பு வரவில்லை. நல்லது செய்தவள் என்று நீங்கள் என்னை மேடையில் உட்கார வைக்கும்போது அந்தப் பிள்ளைகள் வரிசையாக ஞாபகத்துக்கு வருவார்கள்.

எக்ஸ்ரே முடிவு வந்த நாளில் குழு எங்களைத் திரும்பவும் கூப்பிட்டிருந்தது. வயது பதினாறு. முன்னே பின்னே இருக்கலாம், குறைந்ததையே பிள்ளைக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறோம் என்றார் அந்த அம்மா. பிளஸ் டூ முடியும் வரைக்கும், அதற்கு மேலும், அவள் இல்லத்திலேயே இருக்கலாம். சுவரில் இருக்கும் போட்டோ, அந்த இரண்டு வருடம் கிடைத்ததால் பின்னால் வந்ததுதான்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தோம். இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடாமல் பொதிந்த தாளோடு கையில் வைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். முகம் அப்படி இல்லை. எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிற முகமாக இருந்தது.

“எக்கா, இப்ப பதினாறுன்னா, தபசு அன்னைக்கு எனக்கு எத்தன வயசு?”

“நாலு மக்கா.”

“நாலுதானா?”

“நாலுதான். கூடக்கொறய இருக்கலாம்.”

எதிரே ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

“நான் எல்லா போர்டையும் வாசிச்சுப் பாத்தேன்க்கா. சின்னதுலேருந்து. ஏதாவது ஒரு ஊரு பேரப் பாத்தா எங்க ஊருன்னு தெரிஞ்சிரும்னு நெனச்சேன். ஒண்ணுமே தெரியல. ஆறு வயசுல்லா, ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியணும்லா. நாந்தான் எங்க அம்மாவ மறந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

எத்தனை வருடம் பக்கத்தில் நின்று அந்த வாசிப்பைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

“நாலு வயசுப் பிள்ளைக்கு ஊரு பேரு தெரியாதுல்லாக்கா?”

“தெரியாது மக்கா.”

“அம்மா பேரு?”

“அம்மான்னு மட்டுந்தான் தெரியும்.”

தலையை ஆட்டினாள். பிறகு அழுதாள், இந்தத் தடவை சத்தமாக. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தி, ஆறிப்போன இரண்டு வடையையும் தின்றாள்.

எங்கள் பஸ் வந்தது. முன்பக்கம் போய் நின்று போர்டைப் பார்க்காமல் கூட்டத்தோடு அவள் பாட்டுக்கு ஏறிப்போய் உட்கார்ந்துவிட்டாள். சங்கரன்கோவில்தானா என்று நான்தான் வாசித்துப் பார்த்துவிட்டு ஏறினேன்.